22 நிமிடத்தில் பாதி காணாமல் போகும் ஃபிரான்சியம்: அதை எப்படிப் பிடித்தார்கள்?

பள்ளியில் வேதியியல் படித்தவர்கள் இந்த வகைக் காணொளிகளில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். லித்தியத்தைத் தண்ணீரில் போட்டால் லேசாகப் பொங்கும். சோடியம் சீறிக்கொண்டு ஓடும். பொட்டாசியம் ஊதா நிறத்தில் தீப்பிடிக்கும். ருபிடியம், சீசியம் என்று கீழே போகப் போகக் கண்ணாடித் தொட்டியே உடையும்.

சரி, அடுத்து? தனிம அட்டவணையில் சீசியத்துக்குக் கீழே இன்னும் ஒரு கட்டம் இருக்கிறதே. எண் 87, பெயர் ஃபிரான்சியம். அதைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்?

யூடியூபில் தேடிப் பார்த்தால் குளமே வெடித்துச் சிதறும் காட்சிகள் கிடைக்கும். அத்தனையும் பொய். கொஞ்சம் மிகைப்படுத்திய உண்மையா என்றால், அதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, தராசில் வைத்து எடை போடும் அளவுக்கு, ஃபிரான்சியத்தை இதுவரை உலகில் யாருமே சேர்த்து வைத்ததில்லை. இல்லாத பொருளைத் தண்ணீரில் போட முடியாது இல்லையா? (அந்த வரிசையில் கீழே உள்ள மற்றவையும் சில நேரம் ஏமாற்றுதான். சீசியம் வெடிப்பதாகக் காட்டிய ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி, காட்சி போதுமான அளவு பயங்கரமாக இல்லை என்று வெடிமருந்து வைத்தது பின்னர் வெளியே வந்தது.)

இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பதே நமக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில், பட்டப்படிப்பு இல்லாத ஓர் ஆய்வக உதவியாளரின் கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளுக்கும் உடம்புக்கும் என்ன ஆனது என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி.

எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கும்?

முதலில் ஓர் அடிப்படை. கதிரியக்கத் தனிமத்தின் அணுக்கரு நிலையாக இருக்காது. அது துகளையோ கதிரையோ வெளியே தள்ளிவிட்டு வேறொரு தனிமமாக மாறிவிடும். ஒரு குறிப்பிட்ட அணு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பெரிய கூட்டமாக எடுத்துக்கொண்டால், அதில் பாதி மாற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். அதுதான் அரை ஆயுள்.

ஃபிரான்சியத்தில் பல வகை ஐசோடோப்புகள் உண்டு. அதிக நேரம் தாக்குப்பிடிப்பது ஃபிரான்சியம்-223. அதன் அரை ஆயுள் 22 நிமிடம். விளம்பரங்களை எடுத்துவிட்டால் அரை மணி நேர நாடகத்தொடர் ஒன்று ஓடும் நேரம், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 8 மணிக்கு உங்களிடம் ஒரு மில்லியன் ஃபிரான்சியம் அணுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8.22க்கு ஐந்து லட்சம் இருக்கும். 8.44க்கு இரண்டரை லட்சம். 11.40 ஆகும்போது ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பிற்பகல் 3.20க்கு அநேகமாக ஒரே ஓர் அணு. பள்ளி முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் போச்சு.

அப்படியென்றால் பூமி தோன்றி 4.5 பில்லியன் ஆண்டுகள் ஆன பிறகும் ஃபிரான்சியம் எப்படி மிச்சம் இருக்கிறது? உண்மையில் பழைய ஃபிரான்சியம் எதுவும் மிச்சம் இல்லை. புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. மாலை நேரப் பேருந்து நிறுத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் சில நிமிடமே நிற்கிறார். ஆனால் எப்போது பார்த்தாலும் கூட்டம் இருக்கிறது, ஏனென்றால் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இங்கே ஆட்களை அனுப்பிக்கொண்டே இருப்பது யுரேனியம்-235. அதன் அரை ஆயுள் 704 மில்லியன் ஆண்டுகள். அது படிப்படியாகச் சிதைந்து ஆக்டினியம்-227 ஆகிறது. ஆக்டினியத்தில் பெரும்பகுதி தோரியமாக மாறிவிடும். நூற்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமான அணுக்கள் மட்டும் வேறு பாதையில் போய் ஃபிரான்சியம் ஆகின்றன.

யுரேனியத் தாதுவில் ஏறக்குறைய ஒரு மில்லியன் மில்லியன் மில்லியன் யுரேனிய அணுக்களுக்கு ஒரு ஃபிரான்சியம் அணு. பூமியின் மேலோடு முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எந்த ஒரு நேரத்திலும் 20 முதல் 30 கிராம் வரைதான் தேறும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நம் ஒரு வெள்ளி நாணயத்தில் நாலு எடுத்துக் கையில் வைத்தால் ஏறக்குறைய 30 கிராம். மொத்த உலகத்துக்கும் அதுதான் கணக்கு. அதைவிட அரிதான இயற்கைத் தனிமம் ஒன்று உண்டு, அஸ்டட்டின். ஆனால் அதன் இயற்கை வகை ஒன்றை அப்புறம் பார்த்தாலும், நீண்ட ஆயுள் கொண்ட அஸ்டட்டின் எட்டு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். அந்த விஷயத்தில் ஃபிரான்சியம்தான் கடைசி.

சரி, கற்பனைக்கு ஒரு கிராம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தண்ணீரில் போட முடியாது. 22 நிமிடத்தில் பாதி அணுக்கள் சிதைகின்றன என்றால் அவ்வளவு ஆற்றலும் வெளியே வரும். ஒரு கிராமிலிருந்து பல பத்து கிலோவாட் வெப்பம். பல பத்துச் சுடுநீர்க் கெண்டிகளை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம், அதுவும் ஒரு சிறு உலோகத் துணுக்குக்குள். தண்ணீர் வரை போவதற்குள் அது தன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். பக்கத்தில் நிற்பவர் கதிர்வீச்சில் என்ன ஆவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாடப்புத்தக விதி இங்கே சறுக்குகிறது

உயர்நிலைப் பள்ளியில் சொல்லித் தருவது இது: முதல் தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடும். வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது, எளிதாகக் கழன்றுவிடுகிறது. அப்படிப் பார்த்தால் ஃபிரான்சியம்தான் உலகின் ஆக வேகமாக வினைபுரியும் உலோகமாக இருக்க வேண்டும். பல இணையப் பக்கங்கள் அப்படித்தான் எழுதுகின்றன.

அளந்து பார்த்தால் வேறு கதை. வெளி எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றல் சீசியத்துக்கு 3.89 எலக்ட்ரான் வோல்ட். ஃபிரான்சியத்துக்கு 4.07. அதாவது ஃபிரான்சியம் தன் எலக்ட்ரானைச் சீசியத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்து வைத்திருக்கிறது.

காரணம் ஐன்ஸ்டைன். ஃபிரான்சியத்தின் அணுக்கருவில் 87 புரோட்டான்கள். அவ்வளவு வலுவான ஈர்ப்பில், கருவுக்கு அருகே போய் வரும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டுகின்றன. அந்த வேகத்தில் சார்பியல் விளைவு தலைகாட்டும். சுற்றுப்பாதை சுருங்கும். ஆகக் கடைசி எலக்ட்ரான்கூட உள்ளே கொஞ்சம் இழுக்கப்படுகிறது. தங்கம் மஞ்சளாக இருப்பதற்கும் இதே விளைவுதான் காரணம். ஆக, அந்தத் தொகுதியின் முரட்டுப் பிள்ளை என்ற பட்டம் சீசியத்திடமே இருக்க வாய்ப்பு அதிகம். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் போனால் என்னைக் கேட்காதீர்கள், பாடத்திட்டம் பொதுப்போக்கைத்தான் கேட்கிறது.

பெயர் வைத்தார்கள், பொருள்தான் இல்லை

1871இல் ரஷ்ய அறிவியலாளர் மெண்டலீவ் தன் அட்டவணையில் சீசியத்துக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று குறித்தார். 1913இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ்-கதிர்களை வைத்துத் தனிமங்களுக்கு உறுதியான எண் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, எந்த எண்கள் காலி என்பது பட்டியலாகவே தெரிந்துவிட்டது. 1930களின் நடுவில் யுரேனியம் வரை நிரம்பாமல் இருந்தவை நான்கு: 43, 61, 85, 87.

காலி இடம் தெரிந்ததும் போட்டி. 1925இல் சோவியத் வேதியியலாளர் டோப்ரோசெர்டோவ், பொட்டாசியம் மாதிரி ஒன்றில் மெல்லிய கதிரியக்கம் தெரிகிறது, அது 87ஆம் தனிமமாக இருக்கலாம் என்றார். தன் நாட்டை நினைத்து ருஸ்ஸியம் என்று பெயரும் வைத்தார். அது பொட்டாசியத்தின் சொந்தக் கதிரியக்கமாக இருந்திருக்க வேண்டும். வாழைப்பழத்தில்கூட இருக்கிறதே, அதே பொட்டாசியம்-40. 1930இல் அமெரிக்காவின் ஃபிரெட் அலிசன், தானே உருவாக்கிய காந்த ஒளியியல் கருவியில் 87 தெரிவதாக அறிவித்து, தன் மாநிலத்தின் பெயரில் வர்ஜினியம் என்றார். சில ஆண்டுகளிலேயே அந்தக் கருவி முறையே செல்லாது என்று இன்னோர் ஆய்வாளர் காட்டிவிட்டார். 1936இல் பாரிஸில் வேலை செய்த ருமேனியர் ஹொரியா ஹுலுபெய் எக்ஸ்-கதிர் கோடுகளைக் காட்டி மொல்டாவியம் என்றார். நோபெல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜான் பெரின் அதை ஆதரித்தார்.

இவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. நிலையான, எங்கோ பாறையில் ஒளிந்திருக்கும் ஓர் உலோகத்தைத் தேடினார்கள். தேடிய பொருளோ அரை மணி நேரம்கூட முழுசாக இருக்காத ஒன்று.

மார்கெரிட் பெரே

1909இல் பாரிஸுக்கு அருகே பிறந்தவர் மார்கெரிட் பெரே. மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பல்கலைக்கழகம் அனுப்ப வீட்டில் பணம் இல்லை. பெண்களுக்கான தொழில்நுட்பப் பள்ளி ஒன்றில் வேதியியல் உதவியாளர் பட்டயம் வாங்கினார். நம்மூரில் சொன்னால், தொழிற்கல்வி முடித்து நேராக வேலைக்குப் போகும் பிள்ளை.

1929இல், 19 வயதில், பாரிஸ் ரேடியம் கழகத்தில் வேலைக்கு நேர்காணல். சத்தமே இல்லாமல் உள்ளே வந்த கறுப்பு உடை அணிந்த மெலிந்த பெண்மணியைச் செயலாளர் என்று நினைத்துக்கொண்டார். பேச ஆரம்பித்த பிறகுதான் அது மேரி கியூரி என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு நோபெல் பரிசு வாங்கியவர். வேலை கிடைக்காது என்று எண்ணியபடி பெரே வீடு திரும்பினார். கிடைத்தது.

அவருக்குக் கொடுத்த வேலை ஆக்டினியத்தைச் சுத்தம் செய்வது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆக்டினியம் யுரேனியத் தாதுவில் மிக மிகக் குறைவு. வேதியியல் குணத்தில் அது லாந்தனம் என்ற உலோகத்தைப் போலவே நடந்துகொள்வதால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு தொல்லை உண்டு, இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது. ஆக்டினியத்தைச் சுத்தம் செய்து முடித்த நொடியிலிருந்தே அது மறுபடி அழுக்காக ஆரம்பிக்கும். அது சிதைந்து தோரியம், ரேடியம் என்று பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைகளின் கதிர்வீச்சு பலமாக இருக்கும். ஆக்டினியத்தின் சொந்தக் கதிர்வீச்சோ அன்றைய கருவிகளில் பிடிபடாத அளவுக்குப் பலவீனம். கூச்சல் போடும் குழந்தைகளுக்கு நடுவே அம்மா முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரி.

மேரி கியூரி 1934 ஜூலையில் காலமானார். எலும்பு மஜ்ஜை புதிய இரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் போகும் இரத்தசோகை. பல்லாண்டு கதிர்வீச்சின் விளைவு என்று கருதப்படுகிறது. அதன் பிறகும் பெரே அதே வேலையைத் தொடர்ந்தார். மேலே இரண்டு மேலதிகாரிகள்: 1899இல் ஆக்டினியத்தைக் கண்டுபிடித்த ஆந்த்ரே டெபியெர்ன், மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ-கியூரி.

1935இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், ஆக்டினியம் தானே வெளியிடும் பீட்டா கதிரைக் கண்டதாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் படித்த பெரேவுக்கு உதைத்தது. அவர் அறிந்த ஆக்டினியத்துக்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது. ஆண்டுக்கணக்காக அதைத் தினமும் கையாண்டவர் ஆயிற்றே. இது பிள்ளைகளிடமிருந்து வரும் கதிராகத்தான் இருக்க வேண்டும், அதைச் சரிபார்க்க ஒரே வழி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சுத்தமான ஆக்டினியத்தை எடுத்து, பிள்ளைகள் மறுபடி வளர்வதற்குள் உடனே அளப்பதுதான் என்று முடிவு செய்தார்.

1939 ஜனவரி 7

சுத்தம் செய்வதென்றால் கரைசலில் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, வேண்டாததைப் படிய வைத்து, வடித்து, மறுபடி கரைத்து, மறுபடி படிய வைப்பது. ஒவ்வொரு பிள்ளையையும் வெளியேற்ற வெவ்வேறு படிகள். இதில் மெதுவாக இருந்தால் பயன் இல்லை. கடைசிப் படி முடிவதற்குள் முதலில் வெளியேற்றியது மறுபடி முளைத்திருக்கும். பத்தாண்டு பழக்கத்தில் பெரேவின் கைக்கு அந்த வேகம் வந்திருந்தது.

1939 ஜனவரி 7. சுத்தம் செய்த ஆக்டினியத்தை உடனே அளவுகருவியில் வைத்தார். பீட்டா கதிர்வீச்சு ஏறியது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஒரு மட்டத்துக்கு வந்து நின்றது. தெரிந்த பிள்ளைகளில் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. தோரியம்-227க்கு அரை ஆயுள் 18 நாளுக்கும் மேல், ரேடியம்-223க்கு 11 நாள். சில மணி நேரத்துக்குள் நிறைந்துவிடுவதென்றால் அது மிகக் குறுகிய ஆயுள் கொண்ட, இதுவரை யாரும் பார்க்காத ஒன்று. ஆக்டினியத்திலிருந்து நேரடியாகப் பிறக்கும் ஒன்று.

எது? இங்கே கணக்கு எளிது. ஆக்டினியத்தின் எண் 89. அது ஆல்ஃபா துகளை வெளியிட்டால் இரண்டு புரோட்டான் குறையும். 89இல் 2 போனால் 87.

கணக்கு மட்டும் போதாது, வேதியியலும் அதையே சொல்ல வேண்டும். 87 சீசியத்தின் தம்பி என்றால் சீசியம் எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும். பெரே கரைசலில் கொஞ்சம் சீசியம் சேர்த்து, பெர்குளோரேட் உப்பாகப் படிய வைத்தார். மர்மக் கதிர்வீச்சும் சீசியப் படிகங்களோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் படிகங்களை அளந்தால் கதிர்வீச்சு குறைந்துகொண்டே போனது. ஏறக்குறைய 21 நிமிடத்தில் பாதி என்று அவர் கணக்கிட்டார். இன்றைய அளவு 22. அன்றைய கருவிகளை நினைத்தால் அது பிரமாதம்.

இரண்டே நாளில், ஜனவரி 9ஆம் தேதி, பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டது. முன்வைத்தவர் ஜான் பெரின், மொல்டாவியத்தை ஆதரித்த அதே பெரின். கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஒன்றுதான். மேலதிகாரிகள் பெயர் இல்லை. மார்கெரிட் பெரே, வயது 29, பட்டம் எதுவும் இல்லை. ஹுலுபெய் தரப்பு உடனே விட்டுக்கொடுக்கவில்லை. பெரே அவர்களுடைய ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து எழுத வேண்டியிருந்தது.

முதன்முதலில் இயற்கையில் கண்டெடுக்கப்பட்ட தனிமங்களில் ஃபிரான்சியம்தான் கடைசி. அதற்குப் பிறகு வந்த புதிய தனிமங்கள் எல்லாம் முதலில் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவை.

பெயரில் ஒரு சின்னக் கலகம். நேர்மின் அயனியை ஆங்கிலத்தில் கேட்டயான் என்பார்கள். எலக்ட்ரானை எளிதில் இழந்து அயனியாகும் தனிமம் என்பதால் பெரே முதலில் கேட்டியம் என்று யோசித்தார். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பூனை என்று நினைப்பார்கள் என்றார் ஐரீன். பிறகு பிரான்ஸின் பெயரில் ஃபிரான்சியம் ஆனது.

கண்டுபிடித்த பிறகுதான் பெரேவுக்குப் பல்கலைக்கழகம் வாய்த்தது. உதவித்தொகை பெற்று, தேவையான பாடங்களை முடித்து, 1946இல் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் தலைப்பு, அவரே கண்டுபிடித்த 87ஆம் தனிமம்! 1949இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு வேதியியல் பேராசிரியர். 1962இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1666இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர். 1911இல் அதே கழகம் மேரி கியூரியையே மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்திருந்தது. பெரேவுக்கும் முழு உறுப்பினர் இடம் தரவில்லை. அது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1979 ஆக வேண்டியிருந்தது.

கொடுத்த விலை

மருத்துவராக நினைத்தவர் இல்லையா, அந்த எண்ணம் போகவில்லை. தான் கண்ட தனிமம் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் என்று பெரே நம்பினார். 1950களின் தொடக்கத்தில் எலிகளை வைத்து நடந்த சோதனைகளில் புற்றுக்கட்டிகளில் ஃபிரான்சியம் போய்த் தங்குவது தெரிந்தது. அதற்கு மேல் அது நகரவில்லை. 22 நிமிட ஆயுள் உள்ள பொருளை மருத்துவமனையில் எப்படி வைத்துப் பயன்படுத்துவது?

அதற்குள் அவருடைய உடம்பிலேயே கதிர்வீச்சு வேலையைத் தொடங்கியிருந்தது. புற்றுநோயோடு பல ஆண்டு போராடி 1975 மே 13ஆம் தேதி காலமானார். வயது 65. ஐரீன் 1956இலேயே இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தார்.

ஃபிரான்சியம்தான் அவரைக் கொன்றது என்று எழுதுவார்கள். கேட்க நாடகத்தனமாக இருக்கிறது, எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபிரான்சியம் இருந்த அளவும் நேரமும் மிகச் சொற்பம். சந்தேகப்பட வேண்டியது ஆக்டினியம்-227ஐத்தான். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 22 ஆண்டுகள். உடலுக்குள் போனால் எலும்பிலும் ஈரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்த இடத்திலிருந்து பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும். பெரே அதைத்தான் ஆண்டுக்கணக்காக, இன்றைய பாதுகாப்பு வசதிகள் இல்லாத அறையில், கையால் வடித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் ஆய்வகங்களில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது அந்த அனுபவத்திலிருந்துதான்.

இப்போது எங்கே இருக்கிறது ஃபிரான்சியம்?

தாதுவிலிருந்து பிரித்தெடுப்பதை யாரும் இப்போது முயல்வதில்லை. தேவைப்படும்போது தயாரிக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 1990களில் தங்கத் தகட்டின் மீது ஆக்சிஜன் அணுக்கருக்களை வேகமாக மோதவிட்டார்கள். தங்கத்துக்கு 79 புரோட்டான், ஆக்சிஜனுக்கு 8. கூட்டினால் 87! அப்படிப் பிறக்கும் ஃபிரான்சியம்-210 மூன்று நிமிடம்தான் தாங்கும். அதற்குள் லேசர் கதிர்களாலும் காந்தப் புலத்தாலும் அணுக்களைக் குளிரவைத்து அந்தரத்தில் பிடித்து வைத்தார்கள். ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கில், பின்னர் ஒரே நேரத்தில் மூன்று லட்சம் அணுக்கள் வரை. லேசர் பட்டு அவை மினுக்குவதைக் கேமராவில் படமும் எடுத்தார்கள். ஒரு சின்ன ஒளிப்பொட்டு, அவ்வளவுதான். மனிதர்கள் ஃபிரான்சியத்தைப் பார்த்தது அப்படித்தான்.

அந்தப் பணி இப்போது கனடாவின் வான்கூவரில் உள்ள டிரையம்ஃப் துகள் முடுக்கி நிலையத்தில் தொடர்கிறது. எதற்கு இவ்வளவு சிரமம்? அணுக்கருவுக்குள் வேலை செய்யும் வலுவற்ற விசை, இடது வலது வேறுபாடு பார்க்கும் ஒரே இயற்கை விசை. அதன் தடத்தை அணுவின் எலக்ட்ரானிலும் நுட்பமாக அளக்கலாம். அணுக்கரு கனமாக இருந்தால் அந்தத் தடம் பெரிதாகத் தெரியும், வெளியே ஒரே எலக்ட்ரான் இருந்தால் கணக்குப் போடுவது எளிது. ஃபிரான்சியத்தில் இரண்டும் உண்டு. சீசியத்தைவிட ஏறக்குறைய 18 மடங்கு பெரிய விளைவை எதிர்பார்க்கிறார்கள்.

புற்றுநோய்? பெரேவின் எண்ணம் வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. அவர் சுத்தம் செய்துகொண்டிருந்த ஆக்டினியம்-227இன் வழியில் பிறக்கும் ரேடியம்-223, எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்தாக 2013இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எலும்பைத் தேடிப் போகும் அந்தக் குணமே அங்கே பயன்படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆக்டினியத்தின் மற்றோர் ஐசோடோப்பான ஆக்டினியம்-225ஐ, புற்றணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளில் பிணைத்து நோயாளிகளுக்குச் செலுத்திச் சோதித்து வருகிறார்கள். பத்து நாளில் பாதி சிதையும் அது ஆல்ஃபா துகளை வீசிவிட்டு முதலில் என்னவாக மாறுகிறது தெரியுமா? ஃபிரான்சியம்-221. ஆயுள் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் ஓர் ஆல்ஃபா துகளை வீசி அடுத்த தனிமமாகிவிடும். ஆல்ஃபா துகள் சில உயிரணுக்களின் அகலத்துக்கு மேல் போகாது, போகும் வழியில் உள்ளதைக் கடுமையாகச் சிதைக்கும். புற்றணுவின் மேல் இருந்துகொண்டு இது நடந்தால் நல்லது. ஆனால் முதல் துகள் வெளியேறும் உதைப்பிலேயே பிணைப்பு அறுந்து, ஃபிரான்சியம் தனியே கழன்று இரத்தத்தில் போய்விடலாம். அதையும் அதன் பிள்ளைகளையும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கட்டியின் உள்ளேயே எப்படி நிறுத்தி வைப்பது என்பதுதான் ஆய்வாளர்கள் இப்போது மல்லுக்கட்டும் கேள்விகளில் ஒன்று.